மோவானா படத்தில் வரும் கடல் பயணம் உண்மைதானா?

கேள்வி இது: “பிள்ளைகளோடு மோவானா பார்த்தோம். அந்தத் தீவுத் தலைவரின் மகள் வானத்தைக் கையால் அளந்து வழி கண்டுபிடிக்கிறாளே, அப்படி முடியுமா என்று பெரியவள் கேட்கிறாள். முன்னோர்கள் ஆயிரம் வருஷம் கடல் தாண்டாமல் நின்றுவிட்டார்கள் என்று வருவது நிஜமா? பாட்டுகளில் புரியாத மொழி ஒன்று வருகிறது, அது என்ன?”

மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். முடியும், பெருமளவு நிஜம், சமோவ மொழியும் தொக்கெலாவ் மொழியும். ஆனால் இந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் வரலாறு படத்தைவிடப் பெரியது. அதிலும் முக்கியமான பகுதி நம் காலத்தில், 1970களில் நடந்தது. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதில் பாதியில் நிற்கும்.

முதலில், படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. 2016 நவம்பரில் டிஸ்னி வெளியிட்ட அனிமேஷன் இசைப்படம் இது. இயக்கியவர்கள் ரான் கிளெமென்ட்ஸ், ஜான் மஸ்கர். மோட்டுநுயி என்ற கற்பனைத் தீவு. அங்கே பவளத்திட்டைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்பது கட்டளை. தலைவரின் மகள் மோவானாவுக்குச் சிறுவயதிலிருந்தே கடல் மேல் ஆசை. தென்னை நோய் கண்டு காய்கிறது, மீன் கிடைப்பது நின்றுபோகிறது. மாவுயி என்ற அரைத்தெய்வம் ஆயிரம் வருஷத்துக்கு முன் தெ ஃபிட்டி தேவியின் இதயத்தைத் திருடியதுதான் காரணம் என்று பாட்டி சொல்கிறாள். குகைக்குள் மூதாதையர் மறைத்து வைத்த பெரிய கப்பல்களையும் காட்டுகிறாள். மாவுயியைத் தேடிப் பிடித்து, அந்த இதயத்தைத் திருப்பி வைக்கப் பெண் புறப்படுகிறாள். அவளுக்குப் படகு ஓட்டவே தெரியாது. போகும் வழியில்தான் கற்றுக்கொள்கிறாள்.

இயக்குநர்கள் முதலில் மாவுயியை நாயகனாக வைத்துத்தான் படம் எடுக்க நினைத்தார்கள். பிஜி, சமோவா, தஹிதி என்று அலைந்து ஆட்களிடம் பேசியபோது, பசிபிக் தீவு மக்களான பாலினேசியர்களின் கடல் பயணம் நீண்ட காலம் நின்றுபோய்ப் பிறகு திடீரென்று மறுபடி தொடங்கியது என்ற செய்தி அவர்களுக்குக் கிடைத்தது. கதை அந்தப் பக்கம் திரும்பி, அந்த நிறுத்தத்தை உடைக்கும் ஒரு பெண்ணின் கதையாக ஆனது. நல்லவேளை.

சரி, அந்த நிறுத்தத்துக்கு வருவோம்.

தைவான் பக்கத்திலிருந்து கிளம்பிய ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்து மக்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாகப் பரவி, நியூ கினிக்கு வடகிழக்கே உள்ள பிஸ்மார்க் தீவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே உருவான பண்பாட்டுக்குத் தொல்லியலாளர்கள் லாப்பித்தா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புள்ளி குத்தி அலங்கரித்த மண்பாண்டம் அவர்கள் அடையாளம். அதைப் பின்தொடர்ந்தால், ஏறக்குறைய 3,000 வருஷத்துக்கு முன் அவர்கள் வனுவாட்டு, பிஜி தாண்டித் தொங்காவுக்கும் சமோவாவுக்கும் போய்விட்டது தெரிகிறது. சில நூற்றாண்டுகளில் இத்தனை தூரம்.

அங்கே நின்றார்கள். சமோவாவுக்குக் கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வெறும் கடல், அதற்கப்பால் குக் தீவுகள். அந்த இடைவெளியைத் தாண்டி மக்கள் குடியேறியது கி.பி. 900 முதல் 1100 வரையிலான காலத்தில்தான் என்று இன்றைய கரிமக் காலக்கணிப்புகள் காட்டுகின்றன. அதாவது 1,500 வருஷத்துக்கும் மேலான இடைவெளி. படத்தில் சொல்லும் ஆயிரம் வருஷம் குறைவுதான். பிறகு மறுபடி கிளம்பியவர்கள் இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குள் தஹிதி, மார்க்கேசஸ், வடக்கே ஹவாய், கிழக்கே ராப்பா நுயி (ஈஸ்டர் தீவு), தென்மேற்கே நியூசிலாந்து என்று உலகின் மிகப்பெரிய கடலின் மூன்று மூலைகளையும் தொட்டார்கள். தென் அமெரிக்கா வரைக்கும் போயிருக்கிறார்கள் என்பதற்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாட்சி. அது அமெரிக்காவின் பயிர். ஐரோப்பியர் வருவதற்கு வெகு முன்பே பாலினேசியத் தோட்டங்களில் விளைந்தது.

ஏன் நின்றார்கள்? படம் சாபம் என்கிறது. ஆராய்ச்சியாளர்கள் பல காரணங்களை முன்வைக்கிறார்கள். வெப்பமண்டலப் பசிபிக்கில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து அடிக்கும். கிழக்கே போவதென்றால் எதிர்காற்றில் போக வேண்டும். எல் நினோ வரும் காலங்களில் மட்டும் மேற்குக் காற்று அதிகமாகும். அந்தக் காற்று அடிக்கடி வாய்த்த காலத்தில் பயணம் மறுபடி தொடங்கியது என்பது ஒரு கருத்து. அன்றைக்குக் கடல் மட்டம் உயர்ந்திருந்ததால் நடுவில் உள்ள தாழ்வான பவளத்தீவுகள் பல நீருக்கு அடியில் இருந்தன, இளைப்பாற இடமில்லை என்பது இன்னொன்று. நீண்ட பயணத்துக்கு ஏற்ற பெரிய இரட்டை ஓடக் கப்பல் பிறகுதான் உருவானது என்பது மூன்றாவது. என் பார்வையில் மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும். ஒற்றைக் காரணத்தால் ஆயிரத்தைந்நூறு வருஷத்தை விளக்கிவிட முடியாது.

படம் மிகைப்படுத்தும் ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில் அவர்கள் கரையிலேயே முடங்கிக் கிடக்கவில்லை. பிஜி, தொங்கா, சமோவாவுக்கு இடையே போக்குவரத்து நடந்துகொண்டுதான் இருந்தது. பாலினேசியம் என்று இன்று நாம் சொல்லும் மொழியும் பண்பாடும் உருப்பெற்றதே அந்த நிறுத்தக் காலத்தில்தான். குகைக்குள் கப்பலைப் பூட்டிவைத்துவிட்டுக் கடலையே மறந்த மக்கள் என்ற காட்சி அந்தக் காலத்துக்குப் பொருந்தாது.

அப்படியென்றால் அந்தக் காட்சி பார்ப்பவர்களை, குறிப்பாகத் தீவு மக்களை, ஏன் அவ்வளவு உலுக்குகிறது? அது காட்டும் மறதி உண்மையில் நடந்தது, ஆனால் வேறு காலத்தில். கப்பலை இழந்தது, ஓட்டும் வித்தையை இழந்தது, நம் முன்னோர் கடலோடிகள்தானா என்ற சந்தேகம்கூட வந்துவிட்டது, இதெல்லாம் காலனி ஆட்சிக்குப் பிறகு, 19, 20ஆம் நூற்றாண்டுகளில் நடந்தவை. இந்தப் படத்தை அப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கருத்து: கதை 2,000 வருஷம் பழையது என்று பாவனை செய்தாலும், அதன் வலியும் மீட்சியும் நேற்றையவை.

1769இல் கேப்டன் குக் தஹிதிக்கு வந்தபோது, ராயியாத்தேயா தீவின் துப்பாயா என்ற கடலோடி அவர் கப்பலில் ஏறினார். எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகளை வைத்து அவர் உதவியோடு ஒரு வரைபடம் உருவானது. கப்பல் எங்கே சுற்றினாலும் தஹிதி எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர் கை காட்டினார் என்று உடன் போனவர்கள் பதிந்திருக்கிறார்கள். ஆனால் அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் நோயால் மக்கள் தொகை சரிந்தது, மதமும் ஆட்சியும் மாறின, பெரிய கப்பல் கட்டுவது நின்றது. 1947இல் தோர் ஹேயர்டால் பெருவிலிருந்து தெப்பத்தில் மிதந்து வந்து, பாலினேசியாவுக்கு மக்கள் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கலாம் என்று வாதிட்டார். 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற வரலாற்றாசிரியர், தூரத் தீவுகளுக்கு அவர்கள் திட்டமிட்டுப் போயிருக்க முடியாது, காற்றும் நீரோட்டமும் அடித்துக்கொண்டு போய்ச் சேர்த்திருக்க வேண்டும் என்று எழுதினார். ஒரு மக்களின் மிகப்பெரிய சாதனையைத் தற்செயல் என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பதில் சொல்ல 1973இல் ஹவாயில் பாலினேசியக் கடற்பயணச் சங்கம் தொடங்கினார்கள். ஓவியர் ஹெர்ப் காநே, மானுடவியலாளர் பென் ஃபின்னி, கடலில் ஊறிய டாமி ஹோம்ஸ் ஆகிய மூவரும் முன்னின்றார்கள். பழைய சித்திரங்களையும் மரபுச் செய்திகளையும் வைத்து ஹோக்குலேயா என்ற இரட்டை ஓடப் பாய்க்கப்பலைக் கட்டி 1975 மார்ச்சில் கடலில் இறக்கினார்கள். ஹவாயிலிருந்து தஹிதிக்குக் கருவி எதுவும் இல்லாமல் போக வேண்டும், சுமார் 4,000 கிலோமீட்டர். கப்பல் தயார். ஓட்டத் தெரிந்த ஆள் ஹவாயில் ஒருவர்கூட மிச்சமில்லை.

ஆளைத் தேடி மேற்குப் பசிபிக்கில் உள்ள மைக்ரோனேசியாவுக்குப் போனார்கள். அங்கே சத்தவால் என்ற மிகச் சின்னத் தீவு. அதில் மாவ் பியாய்லுக். குழந்தையாக இருக்கும்போதே தாத்தா அவரைக் கரையோரக் குட்டைகளில் போட்டு நீரின் அசைவைப் பழக்கியிருந்தார். அந்த வித்தை குடும்பத்துக்குள், குலத்துக்குள் காக்கப்படுவது; வெளியாட்களுக்குச் சொல்லித்தரும் வழக்கம் இல்லை. அவர் பாலினேசியரும் இல்லை. ஆனாலும் வந்தார். 1976 மே 1ஆம் தேதி ஹவாயின் மாவுயி தீவிலிருந்து கிளம்பிய கப்பல் ஜூன் 4ஆம் தேதி தஹிதியின் பப்பேயெத்தெ துறைமுகத்துக்குள் நுழைந்தது. கரையில் சுமார் 17,000 பேர் நின்றார்கள். ஷார்ப்பின் வாதத்துக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது.

இதைச் சினிமாவாக எடுத்தால் இங்கே முடித்துவிடுவார்கள். நிஜத்தில் அதற்கப்புறம்தான் கடினமான பகுதி. அந்தப் பயணத்தில் கப்பலுக்குள் கடும் சண்டை. வெறுத்துப்போன மாவ், இனி என்னைத் தேடி வராதீர்கள் என்று குரலைப் பதிந்து வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். 1978 மார்ச்சில் அவர் இல்லாமல் மறுபடி தஹிதிக்குக் கிளம்பியபோது, முதல் இரவே மொலோக்காயி தீவுக்குப் பக்கத்தில் கப்பல் கவிழ்ந்தது. குழுவில் இருந்த எடி ஐக்காவ் என்ற புகழ்பெற்ற அலைச்சறுக்கு வீரர் உதவி தேடித் தன் பலகையில் கைகளால் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். அவர் கிடைக்கவே இல்லை.

அதே குழுவில் இருந்த இளைஞர் நைனோவா தாம்ப்சன் மைக்ரோனேசியாவுக்குப் போய் மாவிடம் சொல்லித்தரும்படி கேட்டார். மாவ் ஒத்துக்கொண்டார். தன் தீவிலேயே இளைஞர்கள் இந்த வித்தையில் நாட்டம் இழந்துகொண்டிருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்காவது கொடுக்காவிட்டால் தன்னோடு போய்விடும் என்ற பயம் அவருக்கு. பயிற்சியின் கடைசியில் ஹவாயின் ஓஆஹு தீவில் ஒரு மேட்டில் நின்று, தஹிதி எந்தப் பக்கம் என்று கேட்டாராம். நைனோவா கை காட்டினார். தீவு உன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று அடுத்த கேள்வி. கண்ணுக்குத் தெரியவில்லை, மனதுக்குள் அதன் உருவம் தெரிகிறது என்றார் நைனோவா. அந்த உருவத்தை விட்டுவிடாதே, விட்டால் தொலைந்துபோவாய் என்றார் மாவ். 1980இல் நைனோவா கப்பலை தஹிதிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார். கருவியில்லாமல் அந்தத் தூரத்தைக் கடந்த முதல் ஹவாய்க்காரர் அவர், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. மாவ் கூடவே கப்பலில் இருந்தார்.

படத்தில் மாவுயி மோவானாவுக்குச் சொல்லித்தரும் இடத்தை இப்போது மறுபடி பாருங்கள். கயிறும் பாயும் மட்டும் போதாது, போகும் இடத்தை மனதில் பார்க்க வேண்டும். எங்கிருந்து வந்தோம் என்று தெரிந்தால்தான் இப்போது எங்கே இருக்கிறோம் என்று தெரியும் என்பார். தத்துவம் போலக் காதில் விழும். அது அப்படியே தொழில்நுட்பம். கருவி இல்லாதவனுக்குத் தன் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கிளம்பியதிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் வந்தோம் என்பதை ஒரு கணம்கூட விடாமல் மனதில் வைத்திருப்பதுதான். அதனால் வழிகாட்டி கிட்டத்தட்டத் தூங்குவதே இல்லை. இடையிடையே சில நிமிஷம் கண்ணயர்வதோடு சரி.

இப்போது உங்கள் மகளின் கேள்வி.

ஒவ்வொரு நட்சத்திரமும் அடிவானத்தில் எப்போதும் ஒரே இடத்தில்தான் உதிக்கும், ஒரே இடத்தில்தான் மறையும். நேரம் மாறும், இடம் மாறாது. எந்த நட்சத்திரம் எங்கே எழும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவனுக்கு அடிவானம் முழுதும் திசைகாட்டிதான். நைனோவா அடிவானத்தை 32 பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தார். ஒரு நட்சத்திரம் உயரே போய்விட்டால், அதே இடத்தில் அடுத்து எழும் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

கையால் அளப்பது எதற்கு என்றால், வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள. கையை நேராக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அது ஏறக்குறைய 10 பாகை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை. ஹவாயின் ஹோனலூலுவில் 21 பாகை, இரண்டு முட்டி. சென்னையில் 13, ஒரு முட்டியும் கொஞ்சமும். வடக்கில் கட்டடம் மறைக்காத இடத்தில் உங்கள் மகளே அளந்து பார்க்கலாம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போனால் துருவ நட்சத்திரம் தெரியாது. அங்கே தென்சிலுவை உதவும். வடக்கே திரும்பி வரும்போது, சிலுவை நேராக நிற்கும் நேரத்தில் அதன் மேல் நட்சத்திரத்துக்கும் கீழ் நட்சத்திரத்துக்கும் இடையிலான தூரமும், கீழ் நட்சத்திரத்துக்கும் அடிவானத்துக்கும் இடையிலான தூரமும் சமமாக இருந்தால் ஹவாயின் அட்சரேகைக்கு வந்துவிட்டதாக அர்த்தம்.

தலைக்கு நேர் மேலே எந்த நட்சத்திரம் கடக்கிறது என்பது இன்னொரு குறி. ஹோக்குலேயா என்பது ஹவாய்க்காரர்கள் ஒரு நட்சத்திரத்துக்கு வைத்த பெயர். நாம் சுவாதி என்போமே, அதேதான். அது ஹவாயின் உச்சியைக் கடந்து போகும், அதனால்தான் கப்பலுக்கு அந்தப் பெயர். படத்தில் மாவுயியின் தூண்டில் முள்ளாக வரும் நட்சத்திரக் கூட்டமும் நமக்குத் தெரிந்ததுதான்: விருச்சிகம். கேட்டையிலிருந்து மூலம் வரை வளைந்து போகும் வாலைப் பார்த்தால் தூண்டில் முள் சட்டென்று தெரியும். வைகாசி, ஆனி மாத இரவுகளில் தெற்கு வானத்தில் நன்றாக எழுந்து நிற்கும்.

வானம் மூடிக்கொண்டால்? அப்போது அலை. காற்று மாறினால் மாறும் மேலலையைச் சொல்லவில்லை. வெகு தூரத்துப் புயலும் நிலையான காற்றும் கிளப்பிவிட்ட, நாள்கணக்கில் திசை மாறாத நீண்ட அலை. இரண்டு மூன்று திசைகளிலிருந்து அவை ஒரே நேரத்தில் வரும். கப்பல் எப்படிச் சாய்ந்து எப்படி நிமிர்கிறது என்பதிலிருந்து திசையைப் பிடிப்பார்கள். மாவ் ஓடத்தின் அடியில் படுத்துக்கொண்டே உடம்பால் அதை உணர்ந்து சொல்வார். 1980 பயணத்தில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் காற்றும் இல்லாமல் வானமும் மூடிய ஒரு இரவில், போராடுவதை விட்டுவிட்ட கணத்தில் மேகத்துக்குப் பின்னால் நிலா எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரிந்துவிட்டது என்று நைனோவா சொல்லியிருக்கிறார். அதை விளக்கத் தன்னால் முடியவில்லை என்றும் அவரே சொல்கிறார்.

கரை நெருங்கும்போது பறவை. வெள்ளை ஆலா இரவில் தரையில்தான் தங்கும். இரை தேடி 200 கிலோமீட்டர் வரை வரும். மாலையில் அது பறக்கும் திசையில் தீவு இருக்கிறது. காலையில் அது வரும் திசையில் தீவு இருக்கிறது. தீவின் மேல் மேகம் நகராமல் குவிந்து நிற்கும், ஆழமில்லாத காயலின் பச்சை நிறம் மேகத்தின் அடியில் தெரியும். இதனால், ஒரு சிறிய தீவைத் துல்லியமாகக் குறிவைக்க வேண்டியதில்லை. தீவுக்கூட்டம் முழுவதையும் ஒரு அகன்ற வலை போல வைத்து அதற்குள் போய் விழுந்தால் போதும்.

படம் இதில் தவறவிடுவது ஒன்று உண்டு. மோவானாவுக்குக் கடலே துணை. தவறினால் அலை தூக்கி விடுகிறது, கப்பலைத் தள்ளி விடுகிறது. கதைக்கு அது அழகு. ஆனால் கற்றுக்கொள்வதற்கு ஆகும் வருஷங்களை அது மறைத்துவிடுகிறது. எனக்கு அந்தக் குறை பெரிதாகவே படுகிறது.

பாட்டுக்கு வருவோம். இசையை மூவர் சேர்ந்து செய்தார்கள்: லின்-மானுவல் மிராண்டா, மார்க் மான்சினா, ஒப்பெத்தாயா ஃபோவாயி. மிராண்டா பெயர்தான் பெரிதாகத் தெரியும். நாயகி தன் ஆசையைச் சொல்லும் முக்கியப் பாட்டு அவருடையது. இளம்பருவத்து மனநிலைக்குத் திரும்ப வேண்டும் என்று பெற்றோர் வீட்டில் தன் பழைய அறைக்குள் பூட்டிக்கொண்டு எழுதினார். ஆஸ்கர் பரிந்துரை அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் படத்தின் ஆன்மா ஃபோவாயி. சமோவாவில் பிறந்தவர், தந்தை தொக்கெலாவ், தாய் துவாலு, வளர்ந்தது நியூசிலாந்தில். தெ வாக்கா என்ற இசைக்குழுவை நடத்தி, பசிபிக் மொழிகளிலேயே பாடி உலகம் சுற்றியவர். முன்னோர்கள் கப்பல் கப்பலாக வரும் காட்சியில் ஒலிக்கும் பாட்டு அவர் குரலில், சமோவ, தொக்கெலாவ் மொழிகளில் தொடங்குகிறது. தொக்கெலாவின் மக்கள்தொகை மிகச் சிறியது. அந்த மொழி உலகமெங்கும் திரையரங்குகளில் துணைத்தலைப்பு இல்லாமல் ஒலித்தது. அதை மொழிபெயர்க்காமல் விட்டது படத்தின் மிகச் சரியான முடிவு.

படத்தின் ஆரம்பத்தில், குழந்தை மோவானா கடலைச் சந்திக்கும்போது ஒரு மெல்லிய பாட்டு வரும். அதன் மெட்டு தெ வாக்காவின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. 2000இல் துவாலுவில் ஒரு பள்ளி விடுதி தீப்பிடித்து 18 மாணவிகளும் விடுதிக் காப்பாளரும் இறந்தார்கள்; அந்தத் துக்கத்துக்கு ஃபோவாயி எழுதிய பாட்டு அது. அதே மெட்டு ஒரு குழந்தையைக் கடல் வரவேற்கும் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

நடிப்புக் குரல்களிலும் கவனம் எடுத்திருக்கிறார்கள். மோவானாவுக்குக் குரல் கொடுத்த அவ்லியி க்ரவால்யோ ஹவாய்ப் பூர்வகுடிப் பெண். தேர்வானபோது வயது 14. மாவுயியாக டுவெய்ன் ஜான்சன், தாய்வழியில் சமோவர். பாட்டி ரேச்சல் ஹவுஸ், அப்பா டெமுவெரா மாரிசன், இருவரும் நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரிகள். மாவுயியின் உடம்பில் நகரும் பச்சைகுத்தல்களை மட்டும் எரிக் கோல்ட்பெர்க் பழைய முறையில் கையால் வரைந்தார்.

விமர்சனங்களும் உண்டு, அவை நியாயமானவை. தொங்கா, சமோவா, தஹிதி, மாவோரி, ஹவாய் எல்லாவற்றையும் ஒன்றாகக் கரைத்து ஒரு பொதுவான தீவு செய்தது முதல் குறை. மாவுயியைப் பருத்த உடம்போடு வரைந்ததைத் தொங்கா வம்சாவளி நியூசிலாந்து எம்.பி. ஜென்னி சலேசா உள்ளிட்ட பலர் எதிர்த்தார்கள். 2016 செப்டம்பரில் பழுப்புத் தோலும் பச்சைகுத்தலும் அச்சிட்ட மாவுயி உடையை டிஸ்னி கடைகளில் விற்க வந்தது. அடுத்தவர் தோலை அணிந்துகொள்வதா என்று எழுந்த கோபத்தில் திரும்பப் பெற்றார்கள். தொங்கா அறிஞர் தேவிட்டா காயிலி சொன்னதுதான் எனக்கு ஆழமானதாகப் படுகிறது: மரபுக் கதைகளில் மாவுயிக்கு இணையாக ஹீனா என்ற பெண் தெய்வம் நிற்கிறாள், படம் அவளை முழுதாக விட்டுவிட்டது. சாலமன் தீவுகளின் கக்கமோரா என்ற குள்ள மாந்தரைத் தேங்காய் உடுத்த கொள்ளைக்காரர்களாக ஆக்கியதும் அவசியமில்லாத வேலை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். தீவுகளின் மானுடவியலாளர்கள், பச்சைகுத்துபவர்கள், நடன ஆசிரியர்கள், கடலோடிகள் ஆகியோரை வைத்து ஆலோசனைக் குழு ஒன்று அமைத்தார்கள், அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிலவற்றை மாற்றவும் செய்தார்கள். முதலில் மாவுயி மொட்டைத்தலையன். தஹிதி ஆலோசகர்கள் மறுத்த பிறகுதான் அந்த நீண்ட சுருள்முடி வந்தது. மோவானா கோபத்தில் தேங்காய்களை வீசும் காட்சி ஒன்று இருந்தது. தென்னை அங்கே மரியாதைக்குரியது என்றதும் எடுத்துவிட்டார்கள். மாவுயியைப் பெற்றவளே கடலில் எறிந்தாள் என்ற கதை மாவோரி மரபில் இருப்பதுதான். அதைச் சிரிப்புக்கு ஆக்காமல் அவன் காயமாகக் காட்டியது பாராட்டத்தக்கது.

2024இல் வந்த இரண்டாம் பாகம் ஒரு பில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது. மிராண்டா அதில் இல்லை, பாட்டுகள் முதல் படத்தின் உயரத்தை எட்டவில்லை. பிள்ளைகள் கேட்டால் காட்டுங்கள், அவ்வளவுதான்.

அதைவிட நான் பரிந்துரைப்பது மாவோரிப் பதிப்பு. 2017 செப்டம்பரில், நியூசிலாந்தின் மாவோரி மொழி வாரத்தில் வெளியானது. ரேச்சல் ஹவுஸ், டெமுவெரா மாரிசன், படத்தில் வரும் ராட்சத நண்டுக்குக் குரல் கொடுத்த ஜெமெய்ன் கிளெமென்ட் ஆகியோர் தங்கள் வேடங்களைத் தங்கள் முன்னோர் மொழியில் மறுபடி பேசினார்கள். தஹிதி மொழியிலும் ஒரு பதிப்பு வந்தது. 2018இல் ஹவாய் மொழியில், க்ரவால்யோவே திரும்பி வந்து பேசிப் பாடினார்; ஹவாய் மொழி சொல்லித்தரும் பள்ளிகளுக்குப் பிரதிகள் இலவசமாகப் போயின. 1896இல் ஒரு சட்டம் ஹவாய்ப் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழி ஆக்கியது. அதன் பிறகு இரண்டு மூன்று தலைமுறை அந்த மொழியைப் பள்ளியில் கேட்காமலே வளர்ந்தது. ஹோக்குலேயா கிளம்பிய அதே பத்தாண்டில் எழுந்த விழிப்பில்தான் 1984இல் ஹவாய் மொழிவழி மழலையர் பள்ளிகள் தொடங்கின. அந்தப் பள்ளிகளில் படித்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு மோவானாவை ஹவாய் மொழியிலேயே பார்க்கிறார்கள். பாட்டு கேட்கக் கிடைக்கிறது. முதலில் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, அதே பாட்டை மாவோரியிலும் ஹவாய் மொழியிலும் போட்டுக் காட்டுங்கள். உங்கள் பெரியவள் வித்தியாசத்தை உடனே சொல்லிவிடுவாள்.